ஒழிமுறி தேடுகிறவர்களுக்கு: நாஞ்சில் நாட்டுப் பழைய ஆவணங்களில் கல்யாணமும் பிரிவும்

பூட்டன் எத்தனை கல்யாணம் செய்தார், பூட்டி முதல் கணவனை எப்போது விட்டு வந்தாள் என்று தேடத் தொடங்குகிறவர்கள் கல்யாணச் சான்றிதழைத்தான் முதலில் கேட்கிறார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் (இன்றைய குமரி மாவட்டம்) 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. அந்தக் காலத்து இந்துக் கல்யாணத்துக்குச் சர்க்கார் சான்றிதழ் என்ற ஒன்றைத் தேடி அலைவது பெரும்பாலும் வீண் வேலை. தேட வேண்டியது நிலத்தை. கல்யாணம் நடந்தால் பெண்ணுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிரிந்தால் அது திரும்பி வந்திருக்கும், அல்லது அவள் கையிலேயே நின்றிருக்கும். இரண்டுமே முத்திரைத்தாளில் ஏறியிருக்கும். பிரிவை எழுதிய தாளைத்தான் ஒழிமுறி என்பார்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போதும் இதே வழிதான். “அவங்க பிரிஞ்சிட்டாங்களா?” என்று நேராகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “ஆச்சி, அந்தக் குளத்தடி வயலு நமக்கு எப்பிடி வந்து? முன்ன யாரு கையில இருந்து?” என்று கேட்டால், “அது மூத்த குடிக்கு எழுதிக் குடுத்ததுல்லா மக்களே, பெறவு திரும்பி வாங்குனது” என்று தானாக வரும். மூத்த குடி, இளைய குடி என்ற இரண்டு சொல் காதில் விழுந்தாலே இரண்டு கல்யாணம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். முதலாவது சாவில் முடிந்ததா, பிரிவில் முடிந்ததா என்பதை அந்தப் பேச்சை வைத்து முடிவு செய்யக் கூடாது. இறந்துபோன மனைவியையும் பிரிந்துபோன மனைவியையும் ஊர் ஒரே சொல்லால்தான் சொல்கிறது.

அடுத்தது பிரமாணப் பெட்டி (பத்திரங்கள் வைத்திருக்கும் பெட்டி). பழைய ஆதாரங்களில் (சொத்துப் பத்திரங்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சொத்து விவரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு வேண்டியது மற்ற இடங்களில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயரோடு வரும் வீட்டுப்பெயரும் பகுதியும் (இங்கே வருவாய்க் கிராமத்தை அப்படித்தான் எழுதினார்கள்) முதலில். பிறகு சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் முன்னாதாரப் பகுதி. ‘இன்ன ஆண்டு இன்ன நம்பராக என் பர்த்தாவு எனக்கு இஷ்டதானமாக எழுதித் தந்ததும்’ (பர்த்தாவு கணவன், இஷ்டதானம் விருப்பக் கொடை) என்பது போல ஒரு வரி அங்கே இருந்தால் கணவன், ஆண்டு, ஆதார எண் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். நாலெல்கையையும் (நான்கு பக்க எல்லை) விடக் கூடாது. ‘கிழக்கு எல்கை இன்னார் பாரியாள் வகை வயல்’ என்று பக்கத்து நிலத்து ஆதாரத்தில் நம் பூட்டி வந்து நிற்பாள். அவள் எழுதிய ஆதாரம் ஒன்றுகூடக் கிடைக்காத வீடுகளில் இந்த எல்கை வரிதான் கைகொடுத்திருக்கிறது.

சாட்சிக் கையெழுத்தும் பேசும். ஒருவர் எழுதிய ஆதாரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, சாட்சிகளின் பெயரை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். மனைவியின் அண்ணன் தம்பிகள் சில ஆண்டுகள் தொடர்ந்து சாட்சி போட்டு, ஒரு கட்டத்தில் முற்றாக நின்று, வேறு ஊர் வீட்டுப்பெயர்கள் வரத் தொடங்கினால் அந்த இடைவெளியில் ஏதோ நடந்திருக்கிறது. இது நிரூபணம் ஆகாது. ஆனால் எந்த ஆண்டுகளில் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். முத்திரைத்தாளின் பின்புறத்தில் விற்றவர் எழுதிய குறிப்பையும் படியுங்கள். தாளை யார் வாங்கினார், எந்தத் தேதியில் என்பது அங்கே இருக்கும். பெண் எழுதிக் கொடுத்த ஆதாரத்துக்கு அவளுடைய தாய்மாமன் தாள் வாங்கியிருந்தால் அவள் அப்போது எந்த வீட்டில் இருந்தாள் என்பதை ஊகிக்கலாம்.

தேதியில் வழுக்குகிறவர்கள் அதிகம். எல்லாம் கொல்லம் ஆண்டு. ஆண்டு பிறப்பது சிங்ஙம் 1இல், நம் ஆவணி. சிங்ஙம் முதல் தனு மாத நடு வரைக்கும் கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும். தனுவின் பிற்பாதி தொடங்கிக் கர்க்கடகம் முடிய 825. ஆகவே 1103 கன்னி என்றால் 1927 செப்டம்பர்-அக்டோபர். அதே 1103 மீனம் என்றால் 1928 மார்ச்-ஏப்ரல். எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிட்டு, கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டதாக எழுதிவைத்த குடும்ப மரங்கள் ஊரில் நிறைய. மாதப் பெயரும் கலந்து வரும். அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கத்து ஆதாரங்களில் ஐப்பசி, கார்த்திகை என்று தமிழ் மாதம். கல்குளம், விளவங்கோட்டில் துலாம், விருச்சிகம். மாதம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. உங்கள் குறிப்பேட்டில் கொல்லம் தேதியை உள்ளபடி எழுதி, ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் வேறு மையில் எழுதுங்கள். மூலத் தேதியை அழித்துவிட்டு மாற்றிய தேதியை மட்டும் வைத்திருந்தால், பிறகு தவறைக் கண்டுபிடிக்க வழி இருக்காது.

மருமக்கள் வழி வீடுகளில்

நாயர், ஈழவரில் ஒரு பகுதியார், நாஞ்சில் நாட்டு வேளாளர் ஆகிய மருமக்கள் வழி (சொத்து தாய்வழியில் போகும்) குடும்பங்களில் தேடுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். அங்கே பெண் கல்யாணமான பிறகும் தாய்வீட்டுப் பெயரிலேயே ஆவணத்தில் வருவாள். அவளை அடையாளம் காட்டுவது தாயும் காரணவனும் (குடும்பத்தின் மூத்த ஆண்), கணவன் அல்ல. பாக உடன்படியில் (பாகப்பிரிவினைப் பத்திரம்) ஐம்பது பேர் வயதோடு வரிசையாக இருப்பார்கள், ஒருத்திக்குக்கூடக் கணவன் பெயர் இராது. அந்தக் கணவனின் தறவாட்டுப் (தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின்) பாகத்திலும் இவளும் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். இரண்டு வீட்டுப் பாகத்தையும் பார்த்துவிட்டுக் கல்யாணமே நடக்கவில்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

கணவனையும் மனைவியையும் ஒரே தாளில் பார்க்க வேண்டுமானால் தறவாட்டுச் சொத்தை விட்டுவிட்டு, ஆண் தானே சம்பாதித்த சொத்து போன வழியைப் பிடிக்க வேண்டும். இஷ்டதானம், ஒசியத்து (உயில்) இரண்டும் முக்கியம். வேளாளர் வீடுகளில் மனைவிக்கும் மக்களுக்கும் கணவன் வழியில் கிடைத்ததைச் சொல்லும் உகந்துடைமை, நங்குடைமை என்ற சொற்கள் எந்தத் தாளில் வந்தாலும் அந்தத் தாளை முழுக்கப் படியுங்கள். கல்யாணம், மக்கள், பிரிவு என்று எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். மறுகல்யாணம் செய்கிற பெண் முதல் வீட்டில் தனக்கு இருந்த உரிமையை விட்டுக் கொடுத்து எழுதும் விடுமுறியும் இந்த வகைதான்.

சட்டம் வந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் தேடும் வட்டம் சுருங்கும். திருவிதாங்கூரில் நாயர் சமுதாயத்துக்கு முதல் சட்டம் 1088இல் (1912), இரண்டாவது 1100இல் (1925). ஈழவர் சட்டமும் 1100. நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1101இல் (1926) வந்து கல்யாணம், அதன் முறிவு, ஜீவனாம்சம், வாரிசு, பாகம் எல்லாவற்றையும் வரையறுத்தது. நாயர், ஈழவர் சட்டங்களின்படி, சாவு தவிர இரண்டு வழியில்தான் கல்யாணம் முறியும்: இருவரும் சம்மதித்துப் பதிவு செய்யும் பத்திரம், அல்லது கோர்ட் உத்தரவு. இந்த ஆண்டுகளுக்கு முன்பு பிரிவு என்பது ஊரறிய நடந்த காரியம். சொத்து கைமாறினால்தான் தாளில் ஏறும். பிறகோ, சொத்தே இல்லாவிட்டாலும் தாள் இருக்க வேண்டும். 1090ஆம் ஆண்டு வேளாளர் வீட்டுப் பிரிவுக்கு முறிவுப் பத்திரம் கிடைக்கவில்லை என்றால் வியப்பில்லை. 1110இல் பிரிந்ததாகச் சொல்லியும் கிடைக்கவில்லை என்றால் இடம் மாறித் தேடுகிறீர்கள், அல்லது பிரிவே முறைப்படி நடக்கவில்லை.

இந்தச் சட்டங்கள் பாகம் கேட்கும் உரிமையையும் கொடுத்ததால் 1100க்கு அடுத்த ஆண்டுகளில் பாக உடன்படிகள் குவிந்தன. கணவன் பெயர் இல்லாவிட்டாலும் அவை உதவும். ஒரே தாயின் பிள்ளைகளுக்கு இடையே பத்துப் பன்னிரண்டு ஆண்டு வயது இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் அடிக்கோடு போடுங்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். மூத்தவனுக்கு ஒரு தகப்பன் பெயரும் இளையவளுக்கு வேறு பெயரும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. பாதுகாவலர் இடத்தில் தாய்மாமன் பெயர் இருப்பதைப் பார்த்துத் தகப்பன் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மருமக்கள் வழியில் அது வழக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. நாயர், ஈழவர் வீட்டுக் குறிப்புகளில் ‘கெட்டு கல்யாணம்’ என்று வருவது பூப்புக்கு முந்திய தாலிகட்டுச் சடங்கு. தாலி கட்டியவர் கணவர் ஆகிவிடுவதில்லை. அதை முதல் கல்யாணமாகவும், பிறகு நடந்த புடவைகொடையை இரண்டாம் கல்யாணமாகவும் கணக்கிட்டு, நடுவில் இல்லாத மணமுறிவைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தம் என்பது புடவைகொடைதான். எண்ண வேண்டியது அதை.

பதிவுக் கச்சேரியில்

சப்-ரிஜிஸ்தார் கச்சேரியில் (அலுவலகத்தில்) ‘விவாகரத்துப் பத்திரம் வேண்டும்’ என்று கேட்டால் அவர்களால் எதுவும் எடுத்துத் தர முடியாது. ஆண்டு, பெயர், கிராமம், சர்வே எண் இவற்றில் குறைந்தது இரண்டு கையில் இருக்க வேண்டும். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பதெல்லாம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய காலத்துக்கே உதவும். அதற்கு முந்தியவற்றுக்கு விண்ணப்பம் போட்டு, தேடும் ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்டி, கையால்தான் தேட வேண்டும். கட்டணம் ஆண்டுக் கணக்கில் ஏறும் என்பதால் முப்பது ஆண்டைக் கேட்காமல், பிரமாணப் பெட்டியை வைத்து நான்கைந்து ஆண்டாகச் சுருக்கிக்கொண்டு போவது நல்லது. சர்வே எண்ணைக் கொடுக்கும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் கொடுங்கள். திருவிதாங்கூர் செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணயம்) 1886இல் தொடங்கி 1911இல் முடிந்தது. அதன் எண்ணும் இப்போதைய பட்டாவில் உள்ள சர்வே எண்ணும் வேறு. இரண்டையும் பொருத்திக் காட்டும் பதிவேட்டை வருவாய்த்துறையில் பார்த்துவிட்டு வராவிட்டால், யாரோ ஒருவர் தோட்டத்தின் வில்லங்கம்தான் கைக்கு வரும்.

பெயர் அட்டவணையில்தான் தமிழர்கள் அதிகம் தடுமாறுவது. மலையாளத்தில் எழுதிய அட்டவணையாக இருந்தால் வரிசை மலையாள எழுத்து வரிசை. அதில் ககரம் நான்கு, தகரம் நான்கு, பகரம் நான்கு. பகவதி என்ற பெயரைப் பகரத்தின் முதல் எழுத்தில் தேடினால் கிடைக்காது. அது நான்காவது பகரத்தில் இருக்கும். கணபதி மூன்றாவது ககரம், தேவசகாயம் மூன்றாவது தகரம். சுசீந்திரம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு தாணு உண்டு. அவரைத் தகரத்தில் காணாவிட்டால் ஸகரத்தில், ஸ்தாணு என்று பாருங்கள். இசக்கியை எகரத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் ‘பதிவு இல்லை’ என்று திரும்புகிறவர்கள் ஏராளம்.

அட்டவணையில் ஒழிமுறி என்ற சொல் கண்ணில் பட்டதும் துள்ளாதீர்கள். ஒற்றியை (அனுபோக அடமானத்தை) மீட்டபோது எழுதுவதும் ஒழிமுறிதான். பக்கம் பக்கமாக வருவது பெரும்பாலும் அதுவே. தமிழில் எழுதிய பதிவுகளில் விடுதலைப் பத்திரம் என்பதும் அப்படித்தான்: அண்ணன் தம்பி பாகத்தை விட்டுக் கொடுப்பதும் விடுதலை, கணவன் மனைவி பிரிவதும் விடுதலை. பிரித்தறிய ஒரு வழி உண்டு. எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஆணும் பெண்ணுமாக, வெவ்வேறு வீட்டுப்பெயரில், இருவரும் பரஸ்பரம் எழுதிக்கொண்டதாக இருந்து, சர்வே எண் இடம் வெறுமையாக இருந்தால் அது மணமுறிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒற்றி மீட்பில் சர்வே எண்ணும் முன்னாதார எண்ணும் கட்டாயம் இருக்கும்.

இப்போது முக்கியமான இடம். நிலம் சம்பந்தப்பட்ட பத்திரங்கள் முதல் புத்தகத்தில் ஏறும், நிலம் இல்லாதவை நான்காம் புத்தகத்தில். பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவின்படி முதல் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். நான்காம் புத்தகத்தின் நகல், பத்திரத்தை எழுதியவருக்கோ அதன்கீழ் உரிமை கோருகிறவருக்கோ அவர்களின் பிரதிநிதிக்கோதான் கிடைக்கும். வெறும் மணமுறிவுப் பத்திரம் போவது நான்காம் புத்தகத்துக்கு. அதில் ஜீவனாம்சத்துக்காகப் பத்துச் சென்ட் நிலமும் எழுதியிருந்தால் முதல் புத்தகத்துக்கு வந்துவிடும். ஆகவே முதலில் முதல் புத்தகத்தைத் துழாவுவதுதான் புத்தி. நான்காம் புத்தகம் தேவைப்பட்டால், நேர் வாரிசு என்பதைக் காட்டும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இடைப்பட்ட தலைமுறையின் சான்றுகள் எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். ஒரு தலைமுறை விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். தனிச் சட்டத்தில் வழி இருக்கிறது, அங்கே போங்கள் என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். ஒரு மாதம் போய்விடும்.

கையில் உள்ள தாள்களை ஆண்டு வரிசையில் வைத்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 1098 மேடத்தில் கணவன் மனைவிக்குப் பன்னிரண்டு சென்ட் இஷ்டதானம் எழுதுகிறான். 1103 துலாத்தில் அதே பன்னிரண்டு சென்டை அவள் கணவனின் மருமகனுக்கு (அக்காள் தங்கை மகனுக்கு) எழுதிக் கொடுக்கிறாள். பிரதிபலனாக ஒரு தொகை. 1105 மகரத்தில் வேறு ஊர்க்காரர் ஒருவரின் ஒற்றியில் அவளுடைய அண்ணன் சாட்சி. கணக்குப் போட்டால் 1923 வசந்தத்தில் கல்யாணம் நிலையில் இருக்கிறது, 1927 அக்டோபர்-நவம்பரில் முடிகிறது, 1930 தொடக்கத்தில் இரண்டாம் சம்பந்தம் ஏற்பட்டிருக்கலாம். மணமுறிவுப் பத்திரத்தைத் தேட வேண்டிய இடம் 1103 துலாம். நிலத்தைத் திருப்பி எழுதுகிற அன்றே, அதே கச்சேரியில், அதே சாட்சிகளோடு முறிவையும் பதிவு செய்துவிடுவது வசதி. எனவே நில ஆதாரத்துக்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் கேளுங்கள். புத்தகம் வேறானால் எண் வரிசையும் வேறு. அப்போது அதே தேதியில் நான்காம் புத்தகத்தில் பதிவானது எது என்று கேட்க வேண்டும். தொகையையும் கவனியுங்கள். ஒரு திருவிதாங்கூர் ரூபாய் 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். பழைய தாளில் எந்த ரூபாய் என்று எழுதியிருக்கும். அக்கம்பக்கத்து நிலம் அந்த ஆண்டு போன விலையை விட மிகக் குறைவாக இருந்தால் அது விற்பனை அல்ல, கணக்குத் தீர்ப்பு.

அட்டவணையில் தேதிக்கு ஒத்த எதுவும் இல்லையென்றால் பக்கத்துக் கச்சேரிகளையும் பாருங்கள். ஊரில் பேச்சு வேண்டாம் என்று, வேறு கச்சேரியின் எல்லைக்குள் உள்ள ஒரு துண்டு நிலத்தைப் பட்டியலில் சேர்த்து அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்வது பழைய தந்திரம். மணமுறிவுக்கு அது கூடுதலாகவே நடந்திருக்கும்.

கிறிஸ்தவக் கோயில், பள்ளிவாசல், கோர்ட்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் பதிவேடுதான் ஆதாரம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கு அந்தக் காலத்தில் பொருந்தவில்லை. அதனால் மதராஸ் மாகாணத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களைப் போல இங்குள்ளவற்றின் நகலை அந்தச் சட்டத்தின் பெயரில் சென்னையில் தேடிப் பயனில்லை. கத்தோலிக்கராக இருந்தால் கல்யாணப் பதிவேட்டுக்கு முன்பே திருமுழுக்குப் பதிவேட்டைக் கேளுங்கள். 1908 முதல், எங்கே கல்யாணம் நடந்தாலும் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அறிவித்து அந்த ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபை விதி. பெயருக்கு எதிரே ஓரத்தில் பொடி எழுத்தில் கணவன் பெயர், ஊர், தேதி இருக்கும். கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பாகியிருந்தாலும் அதே ஓரத்தில்தான் வரும். நகல் கேட்கும்போது ‘ஓரக்குறிப்போடு’ என்று சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் முக்கிய வரியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கல்யாணப் பதிவேட்டில் மணமகள் விதவை என்று இருந்தால் முதல் கணவனின் அடக்கப் பதிவு எங்காவது இருக்க வேண்டும். உள்ளூரில் இல்லையென்றால் இலங்கைத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். தென் திருவிதாங்கூரிலிருந்து அங்கே போனவர்கள் அதிகம். லண்டன் மிஷன் வழி வந்த சிஎஸ்ஐ சபைகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்று பதிவேட்டோடு சபைக் கமிட்டிக் குறிப்புப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். சேர்ந்து வாழாததற்காகச் சபை விலக்குப் பெற்றவர்களின் பெயர் அதில் வரலாம். மிஷனரிகள் லண்டனுக்கு எழுதிய அறிக்கைகள் அங்குள்ள சோவாஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன. சபை வரலாற்றுக்கு அருமையானவை. ஒரு தனி வீட்டுக் கல்யாணத்துக்கு அவ்வளவாக உதவாது. ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், தண்டப்பேர்க் கணக்கில் (நிலவரிக் கணக்கு) பழைய பெயர்.

முஸ்லிம் குடும்பங்களுக்குத் திருவிதாங்கோடு, தக்கலை, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் போன்ற ஊர் ஜமாஅத்துகளின் நிக்காஹ் புத்தகம். மஹர் (மணக்கொடை), வலி (மணமகளின் பொறுப்பாளர்), சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். பெண்ணுக்கு அது மறுமணமா என்ற குறிப்பு இருந்தால் தலாக்கா, கணவன் மறைவா என்று அந்த ஜமாஅத்திலேயே கேட்கலாம். மாப்பிள்ளை வேறு மஹல்லாவாக (ஜமாஅத்தாக) இருந்தால் அந்த ஊர் கொடுத்த கடிதம் கோப்பில் இருக்கக்கூடும். அவருடைய முந்தைய கல்யாண விவரம் அதில்தான் வரும்.

மக்கள் வழி (தந்தைவழி) இந்துக் குடும்பங்களில் ஊர்க்கூட்டம் தீர்த்துவைத்த பிரிவுகளுக்கு எழுத்து குறைவு. அறுத்துக்கட்டிய (முதல் தாலியை நீக்கி மறுகல்யாணம் செய்த) பெண்ணின் முதல் வீட்டை நகை, பாத்திரம் திருப்பிக் கொடுத்த சீட்டிலும், பிறகு வந்த ஜீவனாம்ச வழக்கிலும்தான் பிடிக்க முடியும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 29ஆம் பிரிவு, வழக்கப்படியும் தனிச் சட்டப்படியும் உள்ள மணமுறிவு உரிமையைத் தொடாமல் விட்டது. ஆகவே 1955க்குப் பிறகு எல்லாமே கோர்ட்டில்தான் இருக்கும் என்று எண்ணிப் பதிவுக் கச்சேரியை விட்டுவிடக் கூடாது.

கோர்ட் பதிவுகளைத் தேடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். வழக்குக் கட்டின் பெரும்பகுதி காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்பட்டிருக்கும்; வழக்குப் பதிவேடும் டிக்ரியும்தான் நெடுநாள் நிற்கும். ஆண்டும் வழக்கு எண்ணும் இல்லாமல் போனால் ஒரு நாள் போகும், ஒன்றும் வராது. அந்த எண் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆதாரத்தின் முன்னாதாரப் பகுதியில், ‘இன்ன கோர்ட்டு இன்ன ஆண்டு இன்ன நம்பர் விதிப்படி’ என்று ஒளிந்திருக்கும்.

எல்கை தாண்டிய கிளைகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு கிளை இல்லாத விளவங்கோட்டுக் குடும்பம் குறைவு. அந்தக் கிளையின் ஆவணம் கேரளப் பதிவுத்துறையில். அங்கே மருமக்கள் வழிச் சட்டங்கள் 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டத்தால் நீக்கப்பட்டன. அது கேரளச் சட்டம், குமரி மாவட்டத்தைத் தொடாது. ஒரே தறவாட்டின் இரண்டு கிளைகளுக்கு அந்த ஆண்டுக்குப் பிறகு ஆவணங்களின் நடையே வேறாக இருப்பது இதனால்தான். திருவிதாங்கூர் அரசாங்கக் கோப்புகள் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பதிவான ஆதாரங்களுக்கு அங்கே போக வேண்டாம். அவை பதிவுத்துறையிலேயே உண்டு. செங்கோட்டை தாலுகாவின் பெரும்பகுதியும் 1956இல் நம் பக்கம் வந்ததுதான். முதலில் திருநெல்வேலி, இப்போது தென்காசி மாவட்டம்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. சித்தூர் பழைய கொச்சி, மற்றவை பிரிட்டிஷ் மலபார். மலபாரில் மருமக்கள் வழிக்கான மதராஸ் சட்டம் 1933இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பதிவுப் பத்திரம், கோர்ட் மனு என்ற இரண்டு வழிகள்தான். சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் கொச்சிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் ஒரு சிக்கல் மிஞ்சும்: படிப்பது. பழைய மலையாளக் கையெழுத்து, நடுவே தமிழ்ச் சொல், சுருக்கெழுத்து எல்லாம் கலந்து இருக்கும். அச்சு மலையாளம் தெரிந்தவருக்கும் அது பிடிபடாது. தக்கலை, குழித்துறை பக்கம் ஓய்வுபெற்ற ஆதாரமெழுத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு முழு நாள் உட்காருங்கள். அவர் வாசிக்க வாசிக்க வரிக்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். சுருக்கம் மட்டும் வாங்கி வராதீர்கள். எல்கையும் சாட்சியும் அவருக்குச் சாதாரண விஷயம், சுருக்கத்தில் விட்டுவிடுவார். ஒரே பெயரில் மாமனும் மருமகனும் வரும்போது யார் எவர் என்று பிரிக்க வீட்டுப்பெயர், பகுதி, தண்டப்பேர் எண் மூன்றையும் ஒவ்வொரு தாளுக்கும் தனியே குறியுங்கள்; மூன்றும் ஒத்தால் மட்டும் ஒரே ஆள் என்று சேருங்கள். கிடைத்ததை உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். மூத்த குடியின் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருப்பார்கள், அந்த வயலும் இன்னும் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும்.